கொள்கைக்கும் குழாய்க்கும் நடுவே நூறு வருஷம்

தண்ணீர் ஓடுவதைப் பார்ப்பது சுலபம். ஒரு கண்ணாடிக் குழாய், கொஞ்சம் சாயம், இரண்டு கண். 1883ல் மான்செஸ்டரில் ஆஸ்போர்ன் ரெய்னால்ட்ஸ் இதைத்தான் செய்தார். தண்ணீர் மெதுவாகப் போனபோது சாயம் நூல் பிடித்த மாதிரி நேராகப் போயிற்று. வேகத்தைக் கூட்டிக்கொண்டே போனார். ஒரு கட்டத்தில் அந்த நூல் அறுந்து, சுழித்து, குழாய் முழுக்கக் கலந்துவிட்டது. எஞ்சினீயரிங் படித்தவர்கள் எல்லோரும் மனப்பாடம் செய்யும் ரெய்னால்ட்ஸ் எண் இப்படிக் கண்ணால் பார்த்துப் பிறந்ததுதான்.

ஆனால் நமக்கு முக்கியமான திரவங்கள் பலவும் ரெய்னால்ட்ஸுக்கு ஒத்துழைக்காதவை. ரத்தம், பால், பெயின்ட், கச்சா எண்ணெய், உருக்கிய உலோகம். கண்ணாடிக் குழாயிலேயே விட்டாலும் வெளித்தோல்தான் தெரியும். உள்ளே வேகமா, மெதுவா, ஓரத்தில் தேங்கி நிற்கிறதா, சொல்ல முடியாது. அதைத் தெரிந்துகொள்ள முடியாமல் இதயநோயாளிகள் இறந்திருக்கிறார்கள். எண்ணெய்க் குழாய்கள் அடைத்துக்கொண்டிருக்கின்றன.

இந்தக் கலங்கிய திரவங்களுக்குள் எட்டிப்பார்த்தவர்களின் கதையைத் தொடர்ச்சியாகப் படித்தால் ஒரு விசித்திரம் கண்ணில் படும். கொள்கை ஒரு காலத்தில் கிடைத்துவிடுகிறது. அது ஒரு குழாய்மேல் உட்கார்ந்து உருப்படியாக அளக்க ஏறக்குறைய நூறு வருஷம் ஆகிறது. ஒரு தடவை அல்ல, மூன்று தடவை. கடைசித் தடவைதான் இப்போது பேசப்படுகிற டெராஹெர்ட்ஸ். அதற்கு வருமுன் கொஞ்சம் பின்னால் போகலாம்.

ரத்தத்தில் ஆரம்பித்துத் தண்ணீரில் முடிந்தது

இங்கிலாந்தில் ஸ்டீபன் ஹேல்ஸ் என்று ஒரு பாதிரியார். ஒரு குதிரையின் தமனியில் நீளமான கண்ணாடிக் குழாயைச் செருகி, ரத்தம் எவ்வளவு உயரம் ஏறுகிறது என்று பார்த்தார். எட்டு அடிக்கு மேல் ஏறியது. 1733ல் புத்தகமாக வெளியிட்டார். குதிரையின் கதி என்ன என்று கேட்காதீர்கள். ரத்த அழுத்தம் அளக்கப்பட்ட முதல் சந்தர்ப்பம் இது. அழுத்தம் தெரிந்தது, ஓட்டம் தெரியவில்லை.

நூறு வருஷம் கழித்து பாரிஸில் ழான் புவாஸேய் என்ற டாக்டர். தவளையின் நுண்ணிய ரத்தக் குழாய்களை மைக்ராஸ்கோப்பில் பார்த்தவர். நடுவில் ரத்தம் விரைவாகப் போகிறது, சுவரோரம் கிட்டத்தட்ட நிற்கிறது என்று கண்டார். இதற்கு ஒரு கணக்கு வேண்டும் என்று கண்ணாடி நுண்குழாய்களை எடுத்துக்கொண்டார். சில குழாய்களின் உள்விட்டம் 0.015 மில்லிமீட்டர்தான், தலைமுடியைவிட மெலிது. ஆனால் ரத்தம் குழாயில் உறைந்துவிடும். அதனால் தண்ணீருக்கு மாறினார். வருஷக்கணக்கில் அளந்து, 1840களில் வெளியிட்ட விதி இதுதான்: திரவம் சீராக ஓடும்போது, ஓட்டத்தின் அளவு குழாய் விட்டத்தின் நான்காவது படியைப் பொறுத்தது. ஹாகென் என்ற ஜெர்மன் எஞ்சினீயர் 1839லேயே பித்தளைக் குழாய்களை வைத்துத் தனியாக இதே இடத்துக்கு வந்திருந்தார்.

நான்காவது படி என்றால் லேசுப்பட்ட விஷயம் இல்லை. விட்டம் பாதியானால் ஓட்டம் பாதியாகாது, பதினாறில் ஒரு பங்காகிவிடும். பத்து சதவீதம் சுருங்கினாலே, அதே அழுத்தத்தில், ஓட்டத்தில் மூன்றில் ஒரு பங்கு போய்விடும். கொழுப்பு படிந்த ரத்தக் குழாயைப் பற்றி டாக்டர்கள் அப்படிப் பயமுறுத்துவதற்கு அடிப்படை இங்கேதான் இருக்கிறது.

வேடிக்கை என்னவென்றால், ரத்தத்துக்காகத் தேடிய இந்த விதிக்கு ரத்தம் முழுசாகக் கட்டுப்படுவதில்லை. 1931ல் ஸ்வீடனில் ஃபோரேயஸும் லிண்ட்க்விஸ்டும் காட்டினார்கள்: 0.3 மில்லிமீட்டரைவிட மெல்லிய குழாயில் ரத்தம் எதிர்பார்த்ததைவிட இளகினாற்போல ஓடுகிறது. சிவப்பணுக்கள் நடுவில் கூடி, ஓரத்தை நீர்த்த பிளாஸ்மாவுக்கு விட்டுவிடுகின்றன. ஆக, தண்ணீரில் கற்ற பாடத்தை நம்பிக் கலங்கிய திரவத்தில் இறங்க முடியாது. அந்தத் திரவத்துக்குள்ளேயே எட்டிப்பார்த்தாக வேண்டும்.

பாரடேயும் பாலமும்

முதல் வழி காந்தம். 1831ல் மின்காந்தத் தூண்டலைக் கண்டுபிடித்த மைக்கேல் பாரடே சும்மா இருக்கவில்லை. காந்தப் புலத்தில் கம்பி நகர்ந்தால் மின்னழுத்தம் வருகிறது. கம்பிக்குப் பதில் ஆறு நகர்ந்தால்? பூமியே ஒரு காந்தம், தேம்ஸ் நதியோ நகரும் கடத்தி. 1832ல் லண்டன் வாட்டர்லூ பாலத்தின் கைப்பிடிச் சுவர்மேல் 960 அடி செம்புக் கம்பியை இழுத்தார். இரு கரைப் பக்கமும் ஆற்றுக்குள் உலோகத் தகடுகளைத் தொங்கவிட்டார். ஆற்றின் ஓட்டத்துக்கு ஏற்ப முள் நகரும் என்று காத்திருந்தார்.

முள் நகர்ந்தது. ஆனால் ஆற்றுக்குச் சம்பந்தமில்லாமல் நகர்ந்தது. தண்ணீரில் தொங்கும் உலோகத் தகடு தன்பாட்டுக்கு ஒரு பேட்டரி மாதிரி நடந்துகொள்ளும். அந்தச் சத்தத்தில் ஆற்றின் குரல் அமுங்கிப்போயிற்று. பரிசோதனை தோல்வி, கொள்கை சரி.

அந்தக் கொள்கை உயிருள்ள ரத்தக் குழாயில் ஏறியது 1936ல். அமெரிக்காவில் அலெக்ஸாண்டர் கோலின், தமனியை வெட்டாமல், அதன் இரு பக்கமும் காந்தத்தையும் மின்முனைகளையும் வைத்து ஓட்டத்தை அளந்தார். ரத்தம் உப்பானது, அதனால் மின்சாரம் கடத்தும். சிவப்பாக இருந்தால் என்ன, கறுப்பாக இருந்தால் என்ன, காந்தத்துக்கு நிறம் பற்றிக் கவலையில்லை. 1832லிருந்து 1936. நூற்று நான்கு வருஷம். நடுவில் வர வேண்டியிருந்தது மின்காந்தமும் அல்ல, மேதையும் அல்ல. நுணுக்கமான மின்னழுத்தத்தைப் பெரிதாக்கிக் காட்டும் வால்வு ஆம்ப்ளிஃபயர்தான். 1950களில் இது தொழிற்சாலைக்கு வந்தது. இன்றைக்குக் குடிநீர், சாக்கடை, காகிதக் கூழ், சேறு என்று எதை எடுத்தாலும் குழாயில் காந்த ஃப்ளோ மீட்டர் உட்கார்ந்திருக்கும்.

ஆனால் இதற்கு ஒரு குருடு உண்டு. மின்சாரம் கடத்தாத திரவம் இதன் கண்ணுக்குத் தெரியாது. பெட்ரோல், டீசல், கச்சா எண்ணெய் எதுவும் கடத்தாது.

இந்தக் குருடு எவ்வளவு பெரியது என்பதற்கு நான் வசிக்கும் அஸ்ஸாமை விட்டு வெளியே போக வேண்டாம். இங்கே நாஹர்கட்டியா வயல்களின் எண்ணெயில் மெழுகு ஏராளம். நிலத்தடியில் சூடாக இருக்கும்வரை ஒழுங்காக ஓடும், மேலே வந்து ஆறினால் நெய் மாதிரி உறையும். அதைக் குழாய் வழியாக 1962ல் குவாஹாட்டி நூன்மாட்டி சுத்திகரிப்பு ஆலைக்கும், 1964ல் பீகாரில் பரௌனிக்கும் கொண்டுபோனார்கள். மொத்தம் 1,157 கிலோமீட்டர். எண்ணெயை முதலில் நன்றாகச் சூடாக்கி, பிறகு கட்டுப்பாடான வேகத்தில் குளிரவைத்தால், மெழுகுப் படிகங்கள் ஒன்றோடொன்று கைகோத்து வலை பின்னாமல் இருக்கும். இந்தப் பக்குவம் செய்துதான் அனுப்பினார்கள். வத்தக்குழம்பைப் பக்குவம் பார்த்து இறக்குகிற மாதிரிதான். ஒரு நிமிஷம் முன்னே பின்னே போனால் பதம் கெட்டுவிடும்.

இப்போது புவாஸேயின் நான்காவது படியை நினைத்துக்கொள்ளுங்கள். குழாய்ச் சுவரில் மெழுகு படிகிறது. வெளியிலிருந்து தெரியாது. உள்ளே கறுப்பு எண்ணெய், வெளியே இரும்பு. இரண்டு பம்பிங் நிலையங்களுக்கு நடுவே அழுத்தம் எவ்வளவு குறைகிறது என்று பார்த்து ஊகிக்கலாம். சுரண்டும் கருவியைக் குழாய்க்குள் அனுப்பி, அது தள்ளிக்கொண்டு வரும் மெழுகைப் பார்த்துத் தெரிந்துகொள்ளலாம். ஓட்டத்தை நேராகப் பார்க்க, பாரடேயின் வழி உதவாது.

ரயிலில் ஊதிய கொம்பு

இரண்டாவது வழி சத்தம். 1842ல் ப்ராக் நகரில் கிறிஸ்டியன் டாப்ளர் ஒரு கட்டுரை படித்தார். அவருடைய கவலை நட்சத்திரங்களின் நிறம். நம்மை நோக்கி வரும் பொருளின் அலை நெருக்கமாகவும், விலகிப்போகும் பொருளின் அலை தளர்வாகவும் வந்து சேரும் என்றார். பலர் நம்பவில்லை. 1845ல் ஹாலந்தில் பாய்ஸ் பாலட் என்பவர் சோதித்துப்பார்த்தார். ரயிலில் கொம்பு ஊதுகிறவர்களை ஏற்றி, தண்டவாளத்தோரம் சுருதிஞானம் உள்ளவர்களை நிறுத்தினார். ரயில் தாண்டும்போது சுருதி இறங்கியது. நம் ஊர் ஸ்டேஷனில் நிற்காத எக்ஸ்பிரஸ் ஹாரன் அடித்துக்கொண்டு தாண்டும்போது நீங்களும் கேட்டிருப்பீர்கள்.

இது ரத்தத்துக்கு வந்தது 1950களின் கடைசியில். ஜப்பானில் ஒஸாகா பல்கலைக்கழகத்தின் ஷிகேயோ ஸாடொமுரா, காதுக்குக் கேட்காத அல்ட்ராசவுண்டை இதயத்தின்மேல் செலுத்தி, திரும்பி வந்ததைக் கேட்டார். வால்வுகள் திறந்து மூடுவது தெரிந்தது. பிறகு ரத்தக் குழாய்களின்மேல் வைத்தார், ஓட்டமே கேட்டது. எதிரொலி ரத்தத்தின் சுழிப்பிலிருந்து வருகிறது என்று முதலில் நினைத்தார்கள். உண்மையில் அதைத் திருப்பி அனுப்புவது சிவப்பணுக்கள் என்பது பின்னால் தெளிவாயிற்று. எந்த அணுக்கள் ரத்தத்தைக் கலங்கலாக்கிக் கண்ணை மறைத்தனவோ, அவையேதான் காதுக்குத் துப்புக் கொடுத்தன. ஸாடொமுரா 1960ல் காலமாகிவிட்டார். 1961ல் அமெரிக்காவின் சியாட்டிலில் ஃப்ராங்க்ளின் குழுவினர் இதே வழியில் தங்கள் கருவியை வெளியிட்டார்கள். 1980களில் ஜப்பானிலிருந்தே வண்ண டாப்ளர் வந்தது.

கணக்கு ரொம்ப எளிது. நொடிக்கு முப்பது லட்சம் அதிர்வு உள்ள ஒலிக்கு உடம்புக்குள் அலைநீளம் சுமார் அரை மில்லிமீட்டர். நொடிக்கு ஒரு மீட்டர் வேகத்தில் நேராக எதிரே வரும் ரத்தம் அந்த ஒலியைச் சுமார் 4,000 ஹெர்ட்ஸ் நகர்த்தும். அது காதுக்குக் கேட்கும் சுருதி. ஸ்கேன் அறையில் 'உஷ் உஷ்' என்று கேட்குமே, அது ரத்தத்தின் சொந்தச் சத்தம் இல்லை, இந்த வித்தியாசம்தான். பிறந்த குழந்தையின் இதயத்தில் ஓட்டை இருக்கிறதா, வால்வு கசிகிறதா என்று கத்தி படாமல் சொல்ல முடிவது இதனால்தான். டாப்ளர் 1842, ஸாடொமுரா 1950களின் இறுதி. நூறு வருஷத்துக்கும் மேல். நடுவில் வேண்டியிருந்தது, மின்சாரம் கொடுத்தால் அதிரும் படிகம்.

சத்தம் எண்ணெயிலும் போகும், உருக்கிய உலோகத்திலும் போகும். ஸ்விட்ஸர்லாந்தில் டகேடா என்ற ஆய்வாளர் 1980களில் பாதரசத்துக்குள் வேகம் இடத்துக்கு இடம் எப்படி மாறுகிறது என்று இப்படி அளந்துகாட்டினார். பாதரசத்துக்குள் எட்டிப்பார்ப்பது என்றால் சும்மாவா? ஆனால் சத்தத்துக்கும் பலவீனம் உண்டு. குமிழி கண்டால் சிதறிவிடும். சூடு மாறினால் சத்தத்தின் வேகம் மாறும். குழாயோடு ஒட்டி உறவாட வேண்டும், நடுவில் காற்று இடைவெளி இருக்கக்கூடாது. ஸ்கேனுக்கு முன் வயிற்றில் ஜில்லென்று ஜெல் தடவுவது ஏன் என்று இப்போது புரியும்.

தார்க்கட்டியும் டைம்டேபிளும்

மூன்றாவது வழி, நம் கண்ணுக்குத் தெரியாத ஒளி. 1888ல் ஜெர்மனியில் ஹைன்ரிச் ஹெர்ட்ஸ் மின்காந்த அலைகள் ஒளியைப் போலவே வளைகின்றன என்று காட்ட ஒரு முப்பட்டகம் செய்தார். கண்ணாடியில் அல்ல, தாரில். ஒன்றரை மீட்டர் உயரம், அறுநூறு கிலோ அளவு எடை. கண்ணுக்கு அட்டக்கறுப்பு. ஹெர்ட்ஸின் அலைகளோ கண்ணாடியில் சூரிய ஒளி போவதுபோல அதற்குள் புகுந்து வளைந்து வந்தன.

இந்த ஒரு பரிசோதனையை உற்றுப்பார்த்தால் போதும். 'ஒளிபுகாதது' என்பது அந்தப் பொருளின் குணம் மட்டும் இல்லை. எந்த ஒளி என்பதும் சேர்ந்துதான். தார் கறுப்பாக இருப்பது நம் கண்ணோடு அது வைத்திருக்கும் உறவு. வேறு கண்ணுக்கு அது கண்ணாடி.

ஹெர்ட்ஸின் அலைகள் ரொம்ப நீளம், இந்தச் சோதனையில் 66 சென்டிமீட்டர். நுணுக்கமாகப் பார்க்கச் சிறிய அலை வேண்டும். அதைச் செய்தவர் கல்கத்தா பிரசிடென்சி கல்லூரியின் ஜகதீஷ் சந்திர போஸ். 1895 வாக்கில் சில மில்லிமீட்டர் நீள அலைகளை உண்டாக்கினார். சுவர்களைத் தாண்டி அனுப்பி, அப்பால் இருந்த மணியை அடிக்கவைத்து, வெடிமருந்தைக் கொளுத்தவும் செய்து காட்டினார். கருவிகளெல்லாம் கையில் கிடைத்ததை வைத்துச் செய்ததுதான். அலையை ஒரே திசையில் அதிரவைக்கும் வடிகட்டிக்கு அவர் பயன்படுத்தியது ஒரு பிராட்ஷா ரயில்வே டைம்டேபிள்! பக்கங்களுக்கு நடுவே ஈயத்தாள் செருகிவிட்டார், வேலை முடிந்தது. ஊருக்கு டிக்கெட் போடும்போதெல்லாம் டைம்டேபிளைப் புரட்டிய தலைமுறைக்கு இது பெருமையான விஷயம்.

போஸின் அலைகள் அதிகபட்சம் 60 கிகாஹெர்ட்ஸ் அளவு. அதைவிடச் சிறிய அலைகள், அதாவது சுமார் 3 மில்லிமீட்டரிலிருந்து 0.03 மில்லிமீட்டர் வரை, டெராஹெர்ட்ஸ் எனப்படும். போஸ் அதன் வாசற்படி வரை வந்தார். மறுபக்கத்து வாசலில் பெர்லினில் ரூபென்ஸ் நின்றார். சூடான பொருளிலிருந்து வரும் இந்த நீள அலைகளை அவர் 1900ல் அளந்த அளவுகளை வைத்துத்தான் மாக்ஸ் பிளாங்க் தன் குவாண்டம் சூத்திரத்துக்கு வந்தார். நடுவில் உள்ள வீட்டுக்குள் மட்டும் நெடுங்காலம் யாரும் குடியேறவில்லை. ரேடியோ எஞ்சினீயருக்கு அது ரொம்ப வேகம், லேசர்காரருக்கு ரொம்ப மெதுவு.

கதவைத் திறந்தது அதிவேக லேசர். 1980களில் பெல் லேப்ஸிலும் ஐபிஎம்மிலும், ஒரு நொடியில் பல லட்சம் கோடியில் ஒரு பங்கு நேரமே நீடிக்கும் லேசர் துடிப்பை வைத்து டெராஹெர்ட்ஸை உண்டாக்கவும் அளக்கவும் கற்றார்கள். 1995ல் பெல் லேப்ஸின் ஹூவும் நஸ்ஸும் முதல் படங்களை வெளியிட்டார்கள். ஒன்று, பிளாஸ்டிக் உறைக்குள் இருக்கும் சிப். இன்னொன்று ஒரு இலை. பறித்த உடனே ஒரு படம், 48 மணிநேரம் கழித்து ஒரு படம். இலை வாடி நீர் வற்றியது தெளிவாகத் தெரிந்தது. போஸ் 1895, இது 1995. சொல்லிவைத்த மாதிரி நூறு வருஷம்.

எண்ணெய்க்குள் ஒரு ஜன்னல்

அந்த இலைப் படத்தில் டெராஹெர்ட்ஸின் பலமும் பலவீனமும் சேர்ந்தே இருக்கின்றன. தண்ணீர் மூலக்கூறு இந்த அலைகளை விழுங்கிவிடும். ஒரு டெராஹெர்ட்ஸில், ஒரே ஒரு மில்லிமீட்டர் தண்ணீரைத் தாண்டுவதற்குள் நூறு கோடியில் ஒரு பங்குகூட மிஞ்சாது. ரத்தத்தின் ஓட்டத்தைப் பார்க்க இதை நம்பினால் கதவு சாத்திக்கொள்ளும். ஆனால் எண்ணெய் மூலக்கூறுகளுக்கு தண்ணீரைப்போல மின்முனைகள் இல்லை. கண்ணுக்குக் கறுப்பாக இருக்கும் எண்ணெய்களில் பல டெராஹெர்ட்ஸுக்கு ஜன்னல். பிளாஸ்டிக்கும் அப்படியே.

அளக்கும் முறை பழைய டாப்ளர்தான். எண்ணெயோடு சேர்ந்து ஓடும் துகள், நீர்த்துளி, குமிழி எதிலாவது பட்டு அலை திரும்பும். எண்ணெய்க்குள் ஒரு டெராஹெர்ட்ஸ் அலையின் நீளம் சுமார் 0.2 மில்லிமீட்டர். நொடிக்கு ஒரு மீட்டர் ஓட்டம் அதைச் சுமார் 10,000 ஹெர்ட்ஸ் நகர்த்தும். ஸ்கேன் அறையின் 4,000த்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். ஒன்று சத்தம், ஒன்று ஒளி. ஆனால் அளவுகோலின் நீளம் கிட்டத்தட்ட ஒன்று, வரும் வித்தியாசமும் காதுக்கு எட்டும் சுருதி. ஸாடொமுரா இருந்திருந்தால் உடனே அடையாளம் கண்டிருப்பார். கூடுதல் வசதி, தொட வேண்டாம். காற்று இடைவெளி இருந்தாலும் பரவாயில்லை, ஜெல் தேவையில்லை.

2002ல் டெராஹெர்ட்ஸ் அலை தரும் சிறிய குறைகடத்தி லேசர் ஒன்று வந்தது. 2011ல் லீட்ஸ், க்வீன்ஸ்லாந்து பல்கலைக்கழக ஆய்வாளர்கள், திரும்பி வரும் அலையை அந்த லேசருக்குள்ளேயே புகவிட்டு, அதன் மின்னழுத்தம் நடுங்குவதை வைத்தே படம் எடுத்துக்காட்டினார்கள். விளக்கே கண்ணாகவும் வேலை செய்கிறது. கலங்கிய திரவத்தில் வேகம் அளக்க இது பொருத்தமான ஏற்பாடு.

நிற்க. இரும்புக் குழாய் வழியாக டெராஹெர்ட்ஸ் போகாது. உலோகம் அதற்குச் சுவர். குழாயில் பிளாஸ்டிக் அல்லது குவார்ட்ஸ் ஜன்னல் வைத்தாக வேண்டும். எண்ணெயோடு தண்ணீர் அதிகம் கலந்திருந்தால் அலை விழுங்கப்பட்டுவிடும். ஆனால் அந்தப் பலவீனத்தையே பலமாக்கலாம். எவ்வளவு விழுங்கப்பட்டது என்று பார்த்தால் எவ்வளவு தண்ணீர் கலந்திருக்கிறது என்று தெரியும். எண்ணெய் வாங்குகிறவனுக்கும் விற்கிறவனுக்கும் நடுவே அது காசு சம்பந்தப்பட்ட கேள்வி.

மூன்று கருவிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். காந்தம் தண்ணீர் கலந்ததைப் பார்க்கும், எண்ணெயைப் பார்க்காது. டெராஹெர்ட்ஸ் எண்ணெயைப் பார்க்கும், தண்ணீரைத் தாண்டாது. சத்தம் இரண்டையும் பார்க்கும், குமிழியில் தடுமாறும். எல்லாவற்றையும் பார்க்கும் கண் இதுவரை கிடைக்கவில்லை. வடோதராவிலோ விசாகப்பட்டினத்திலோ ஆலையில் வேலை பார்க்கும் நம் ஆட்கள் யாரிடமாவது புது மீட்டர் ஒன்றைப் புகழ்ந்து விற்க வந்தால், அது எதைப் பார்க்கும் என்பதைவிட எதைப் பார்க்காது என்று முதலில் கேட்கலாம்.

அந்தக் குறைகடத்தி லேசர் இன்னும் பெரும்பாலும் குளிரவைத்தால்தான் ஒழுங்காக வேலை செய்கிறது. அதனால் ஓட்டம் அளக்கும் வேலை அதிகமும் ஆய்வகத்து மேஜைமேல்தான் நடக்கிறது. மெழுகு எண்ணெய் ஓடும் குழாய்மேல் அது உட்கார இன்னும் நாள் இருக்கிறது. பாரடேக்கு ஆம்ப்ளிஃபயர் வர வேண்டியிருந்தது, டாப்ளருக்குப் படிகம். போஸ் தொடங்கிவைத்ததற்கு இப்போது வர வேண்டியது, குவாஹாட்டி வெயிலிலும் சுணங்காத ஒரு லேசர்.